நாற்பத்தொரு ஆம்பிளைக் கையெழுத்து

எங்கள் தொழிற்சங்கம் மலர் ஒன்று போடுகிறது. ஓய்வுபெற்றவர்கள் ஆளுக்கொரு இனிய நினைவு எழுதித் தர வேண்டுமாம். கேட்டு வந்த தம்பி நல்ல பிள்ளை; கல்முனைத் தொலைபேசிக் கந்தோரில் என்னோடு ஆறேழு வருடம் கேபிள் இழுத்தவன். "காக்கா, சிரிக்கிற மாதிரி ரெண்டு சம்பவம், பழைய ஆக்கள்ர கதை கொஞ்சம், அவ்வளவும் போதும்" என்றான். நானும் ஓம் என்றேன். போகும்போது வாசல் கேற்றடியில் நின்று இன்னொன்றும் சொன்னான். அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் எனக்கு மேற்கொண்டு எழுத வராது.

மறுநாள் நிந்தவூரிலிருந்து பஸ் ஏறிக் கல்முனைக்குப் போனேன். சந்தைக்குப் பக்கத்தில், நான் முப்பத்தெட்டு வருடம் உழைத்துக் கொடுத்த கம்பனி ஒரு பெரிய பதாகை கட்டியிருந்தது. வயல் வரம்பில் மடிக்கணினியோடு உட்கார்ந்து சிரிக்கிற ஒரு பெண் பிள்ளை. அவளுக்குப் பின்னால் எங்கள் மாவட்டத்தின் வரைபடம், கடற்கரை தொடக்கம் வயல்பக்கத்து உட்கிராமங்கள் வரை ஒரே பச்சை. அதிவேக இணையம் எல்லாக் கிராமத்துக்கும் வந்துவிட்டதாம். அந்தப் படத்தைப் பிடித்தவன் ஒரு நாளும் வரம்பில் உட்கார்ந்திருக்க மாட்டான். உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளையின் உடுப்பில் அப்பிய சேற்றையும் படத்தில் பார்த்திருக்கலாம். சாமான் வாங்க எடுத்துப்போன பையை வெறுமையாகவே திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஆகவே தம்பி, இது இனிய நினைவு இல்லை. போடுவதென்றால் முழுவதும் போடுங்கள். வெட்டிப் போடுவதென்றால் போடவே வேண்டாம்.

என் தொழிலைப் பற்றி நாலு வரி. இருபத்தொரு வயதில் கம்பத்தில் ஏறினேன். முதலில் செப்புக்கம்பி. யுத்தத்தில் அறுந்ததைக் கட்டினோம், கடல் வந்து கொண்டுபோனதைத் திரும்ப நட்டோம். பிறகு, வெளிச்சத்தால் சேதி கொண்டுபோகும் ஃபைபர் என்கிற கண்ணாடி இழை வந்தது. கொழும்புக்குக் கூப்பிட்டு மூன்று கிழமை படிப்பித்தார்கள், பாதி சிங்களம், பாதி இங்கிலீசு. காதுக்கு விளங்காதது கைக்கு விளங்கியது. திரும்பி வந்த நாளிலிருந்து இளைப்பாறும்வரை இந்தக் கரையில் இழை பொருத்துகிறவன் நான்தான். என் பொருத்தில் வெளிச்சம் கசிந்தது என்று ஒருவனும் சொன்னதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பிறகு இது தேவைப்படும்.

எங்கள் பிராந்திய முகாமையாளரைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். நாங்கள் அவரைப் 'பச்சைப் பேனை' என்போம், பச்சை மையைத் தவிர வேறொன்றால் எழுத மாட்டார். எங்கள் பக்கத்து மனிசன்தான். சத்தம் போட்டுக் கதைத்ததை நான் கேட்டதில்லை. அவருடைய அறைக்குள் போனால் முதலில் இருக்கச் சொல்வார், தேத்தண்ணி வரவழைப்பார். பிறகு நாம் கொண்டுபோன காகிதங்களை எடுத்து, நான்கு ஓரமும் சமனாகும்வரை மேசையில் தட்டுவார். தட்டி முடித்துக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிப்பார். அவர் வாசிக்கும்வரை கோப்பையில் கைவைக்க நமக்கு மனம் வராது. வாசித்து முடிகிறபோது தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடக்கும். எதைக் கேட்டாலும், "நான் சொல்லல்ல, சுற்றறிக்கை சொல்லுது" என்பார். ஏசுகிற மேலதிகாரியோடு கூட நான் வேலை செய்திருக்கிறேன். ஏசுகிறவனுக்குத் திருப்பி ஏசலாம். இவரை என்ன செய்வது?

நான் இளைப்பாற நாலைந்து வருடம் இருக்கும்போது வயல்பக்கத்து உட்கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டம் வந்தது. சவளக்கடைப் பக்கம், வாய்க்கால் ரோட்டோரமாக ஒரு கேபிள் போகிறது. அது போய்ச் சேரவேண்டிய இடம் ஒரு பெரிய அரிசி ஆலையும் அதற்கு அப்பால் ஒரு கைபேசிக் கோபுரமும். நடுவில் ஒரு கிராமம். அந்தக் கிராமத்தின் பெயரை எழுதவில்லை, அங்குள்ளவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு பட்டுவிட்டார்கள். கேபிள் போனால் மட்டும் வீட்டுக்கு இணையம் வராது. கம்பத்தில் ஒரு பகிர்வுப் பெட்டி பூட்ட வேண்டும். கேபிளை அதில் திறந்து, பெட்டிக்கு எட்டு வீடு என்று வயர் இழுக்க வேண்டும். அந்தக் கிராமத்துக்கு நான்கு பெட்டி ஒதுக்கியிருந்தார்கள். நிபந்தனை ஒன்றுதான். வீட்டுச் சொந்தக்காரர் முப்பத்திரண்டு பேராவது படிவம் நிரப்பி, கரண்ட் பில்லின் பிரதி இணைத்து, கையெழுத்து வைத்துத் தர வேண்டும். பில்லில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். சேர்த்துக் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. பதினான்கு நாள், இரண்டு கிழமை தந்தார்கள்.

நான் கெட்டிக்காரன் அல்லவா? வீடு வீடாக அலைய எனக்கென்ன பைத்தியமா? வெள்ளிக்கிழமை அந்தக் கிராமத்துப் பள்ளிவாசலுக்குப் போனேன். முதல் நாளே தலைவரோடு கதைத்து, பில்லோடு வரும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தும் ஆயிற்று. ஜும்ஆ முடிந்ததும் முற்றத்து வேப்பமரத்தின் கீழ் மேசை போட்டோம். வரிசை கேற்றுவரை நின்றது. ஒரு மணித்தியாலத்துக்குள் நாற்பது படிவம். கேட்டதற்கு எட்டு கூட. ஒருவர் எனக்கு இளநீர் வெட்டித் தந்தார், இன்னொருவர் சோற்றுக்கு வரச்சொல்லி மறித்தார். ரெண்டு கிழமை வேலையை ஒரு தொழுகையோடு முடித்துவிட்டேன் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம்தான் கேற்றுக்கு வெளியே அவள் நின்றாள். கறுப்பு அபாயா, கையில் காகிதம் வைக்கிற ஒரு பிளாஸ்டிக் கோவை. உள்ளே ஆம்பிளைகள் நின்றதால் வராமல் நின்றிருக்கிறாள். நான் எழும்பிப் போனேன். பெயர் றம்ஸியா. மார்க்கக் கல்வியில் ஆலிமாப் படிப்பு முடித்தவள். கொரோனாக் காலம் தொடக்கம் கைபேசியில், ஆஸ்திரேலியாவில் இருக்கிற நம்மவர் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறாள். அங்கே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம் இங்கே பத்தரை பதினொரு மணி. பதினொரு பிள்ளைகள். அந்த வருமானத்தில்தான் தன் மகளுக்கு ஒரு வீடு எழுப்பிக்கொண்டிருந்தாள். தன் வீட்டு வளவிலேயே அத்திவாரம் போட்டாகிவிட்டது. ஆனால் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது, லைன் வந்தால்தான் பிள்ளைகள் நிற்பார்கள் என்றாள். படிவத்தை யாரிடமோ கேட்டு வாங்கி, தானே நிரப்பி, பில்லையும் இணைத்திருந்தாள். கையெழுத்து மட்டும் என் முன்னால் வைக்க வேண்டும் என்று பேனையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"மாப்பிள எங்க, மகள்?" என்று கேட்டேன்.

"நெல்லு வெட்டுற மெசினோட பொலன்னறுவைக்குப் போயிரிக்காரு சேர்."

"அப்ப வாப்பா?"

"மவுத்து. சேர், ஊடு என்ட பேரில இரிக்கி. பில்லும் என்ட பேரில. நான் வெச்சாச் செரிதானே?"

"அது செரி மகள். ஆனா கந்தோர் வேலைக்கு ஒரு ஆம்பிளப் பேர் இரிந்தா நல்லம். கூடப்பொறந்த ஆக்கள் ஆரும் உள்ளுக்கு நிக்கிறாங்களா?"

அவளுடைய காக்கா, மூத்த சகோதரர், உள்ளே நின்றார். கூப்பிட்டேன். அவள் நிரப்பிய படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்றை அவர் பெயரில் நிரப்பினேன். அவர் கையெழுத்து வைத்தார், அதோடு நாற்பத்தொன்று. அவர் அந்த வீட்டில் இருப்பவரே இல்லை. கலியாணம் முடித்து, இரண்டு ஒழுங்கை தள்ளி, தன் பெண்சாதியின் வீட்டில் இருப்பவர். அதே வரிசையில் சற்று முன்னர்தான் அந்த வீட்டுக்கும் ஒரு கையெழுத்து வைத்திருந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் நிரப்பினேன். றம்ஸியா பேனையைக் கோவைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

வெளியூர் வாசகர் யாராவது இதைப் படித்தால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாயும் தகப்பனும் மகளுக்கு வீடு எழுதிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். காணி உறுதி அவள் பெயரில், கரண்ட் பில் அவள் பெயரில், தண்ணீர் பில் அவள் பெயரில். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஆனால் கந்தோரிலிருந்து ஒருவன் காகிதத்தோடு வந்தால், முன்னுக்கு வந்து கதைப்பது ஆம்பிளை. கையெழுத்து வைப்பதும் ஆம்பிளை. இரண்டும் பொருந்தாது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்காது. படிவம் வாங்கிய எனக்கும் உறைக்கவில்லை, உறைத்துச் சொன்னவளை நான் திருப்பி அனுப்பினேன்.

திங்கட்கிழமை பச்சைப் பேனையின் அறைக்குப் போனேன். இருக்கச் சொன்னார். தேத்தண்ணி வந்தது.

"எத்தின படிவம்?"

"நாப்பத்தொண்டு சேர். கேட்டது முப்பத்திரண்டுதானே."

"நல்லம்."

தட்டினார். நான்கு ஓரமும் சமனாயிற்று. கடைசிப் படிவத்திலிருந்து தொடங்கினார். ஒரு விரலைப் படிவத்தில் உள்ள பெயரில் வைத்தார், மற்ற விரலைப் பில்லில் உள்ள பெயரில் வைத்தார்.

"இஞ்ச முகம்மது இஸ்மாயில். இஞ்ச சித்தி பாத்துமா." அடுத்ததை எடுத்தார். "இஞ்ச அப்துல் கரீம். இஞ்ச உம்மு ஹபீபா." அடுத்தது. அடுத்தது. நாற்பத்தொன்றையும் வாசித்தார், ஒன்றையும் விடவில்லை. மூன்றே மூன்றில்தான் இரண்டு பெயரும் ஒன்றாக இருந்தன. நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஐந்து பெயரிலேயே எனக்கு விளங்கிவிட்டது. மீதி முப்பத்தாறையும் அவர் எதற்கு வாசித்தார் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

"சேர், அதெல்லாம் அவங்கட பொண்டாட்டிமார். உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியிறது வேற. படிவத்தில இரிக்கிறது வேற. விண்ணப்பிச்ச ஆள் ஊட்டுக்காரர் இல்ல."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "உங்கட ஊட்டு லைன் ஆர்ர பேரில சேர் இரிக்கி? நான்தானே வந்து பூட்டினன்."

அவர் கோபப்படவில்லை. பேனை மூடியைக் கழற்றினார். "என்ட மனிசிர பேரில. அதனாலதான் அது செரியா இரிக்கி."

"ரெண்டு நாள் தாங்க சேர். நான் ஊடு ஊடாப் போய்ப் பொம்புளையள்ட்ட வாங்கிட்டு வாறன். இன்னும் ஒரு கிழமை தவணை இரிக்கிதானே."

"உங்களுக்கு ரெண்டு கிழமை. எனக்கு இண்டைக்கு நாலு மணி. பட்டியல் கொழும்புக்குப் போகோணும்."

"அதை ஏன் சேர் எனக்கிட்ட முதலே சொல்லல்ல?"

"நான் சொல்ற இல்ல. சுற்றறிக்கைல இரிக்கி."

கோவையின் மேல் பச்சை மையில் எழுதினார், தகுதியான விண்ணப்பதாரர் போதாது என்று. எழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதி முடித்து, "தேத்தண்ணியக் குடிங்க" என்றார். குடித்தேன் என்பதை நினைக்க இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்தக் கிழமையே நான் கிராமத்துக்குத் திரும்பப் போனேன். சொந்த மோட்டார்சைக்கிளில், சொந்த லீவில். வீடு வீடாக ஏறினேன். முப்பத்தெட்டுப் பெண்கள் கையெழுத்து வைத்தார்கள். ஒரு பெண் நெல் காயப்போட்ட பாயிலிருந்து எழும்பி வந்து, கையை உதறிவிட்டு வைத்தாள். இன்னொருத்தி, "முதலே எங்களுக்கிட்டக் கேட்டிரிக்கலாமே" என்று சிரித்தாள். கொண்டுபோய்ப் பச்சைப் பேனையின் தட்டில் வைத்தேன். மூன்று நாளில் திரும்பி வந்தது, அடுத்த சுற்றில் பார்க்கவும் என்ற பச்சைக் குறிப்போடு. அந்தக் கிராமத்துக்கு வந்த நான்கு பெட்டியும் எங்கே போயின தெரியுமா? நகரத்துக்குள், ஏற்கெனவே இரண்டு கம்பனியின் இணைப்பு இருக்கிற ஒரு தெருவில் ஏறின. அங்கே படிவம் சேர்ப்பது சுகம். மாசக் கடைசியில் இலக்கு நிறைந்துவிட்டதென்று அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது. என் பிழை அவருக்கு வசதியாகப் போய்விட்டது. வேறு என்ன சொல்ல?

ஆனால் கேபிள் போகத்தான் வேண்டும். ஆலைக்குக் கேபிள் வேண்டுமே. ஒரு உருளைக் கேபிள் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரண்டையும் பொருத்த வேண்டும். அந்த இடம் றம்ஸியாவின் கேற்றுக்கு நேர் முன்னால் விழுந்தது. நான் திட்டமிட்டதில்லை. கேபிளின் நீளம் அவ்வளவுதான்.

காலை பத்து மணிபோல் அங்கே கம்பனி வான் வண்டியை நிறுத்தினேன். காற்று அடிக்காமல் இருக்க ஒரு பக்கம் படங்கு கட்டி, மடக்கு மேசையை விரித்தேன். இந்த வேலையை அவசரப்படுத்த முடியாது. முதலில் வெளித்தோலை உரிக்க வேண்டும். உள்ளே உள்ள பசையைத் துடைக்க வேண்டும். பிறகு பன்னிரண்டு இழையும் தலைமயிர் போல வெளியே வரும், ஒவ்வொன்றும் ஒரு நிறம். நீலம், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம், சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, றோஸ், இளநீலம். இந்த ஒழுங்கை நான் நித்திரையிலும் சொல்வேன். நீலத்தை எடுத்து நிறப்பூச்சை உரித்து, மதுசாரம் நனைத்த துணியால் துடைத்து, நுனியை நேராக வெட்டி இயந்திரத்தில் ஒரு பக்கம் வைக்க வேண்டும். மற்றக் கேபிளின் நீலத்தை அதே மாதிரி மறுபக்கம். மூடியைச் சாத்தினால் ஒரு சின்னப் பொறி. இரண்டும் உருகி ஒன்றாகும். எவ்வளவு வெளிச்சம் வீணாகிறது என்று திரையில் காட்டும். என்னுடையது அநேகமாகப் பூச்சியம் காட்டும்.

அவள் வளவில், மகளுக்குப் போட்ட அத்திவாரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். அந்த மூலையில்தான் கொஞ்சம் சிக்னல் பிடிக்கிறதாம். ஒரு செங்கல்லை நிமிர்த்தி வைத்து அதில் கைபேசியைச் சாத்தியிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு ஆண் பிள்ளை ஓதுகிறான். ஓதுகிறான் என்றா சொல்வது? ஒரு துண்டு வரும், நிற்கும். பிறகு மூன்று துண்டு ஒன்றாக வந்து விழும்.

குர்ஆன் ஓதத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீட்ட வேண்டிய எழுத்தைக் கணக்காக நீட்ட வேண்டும். எங்கே குறைய, எங்கே கூட என்று காதால் கேட்டுத்தான் உஸ்தாத் திருத்த வேண்டும். பிள்ளை சரியாக நீட்டியிருப்பான், இங்கே வரும்போது அது வெட்டுப்பட்டிருக்கும். பிழையாக நீட்டியிருப்பான், இங்கே சரிபோலக் கேட்கும். பாட்டுக் கேட்கிறவனுக்கு இது பெரிய விசயம் இல்லை. இவளுக்கு இதுதான் தொழில்.

"திரும்ப ஓதுங்க மகன். கேக்கல்ல." கொஞ்சம் பொறுத்து, "இன்னொருக்கா." கொஞ்சம் பொறுத்து, "மகன், கேக்குதா? மகன்?"

நான் செம்மஞ்சளைப் பொருத்தினேன். பச்சையைப் பொருத்தினேன். மண்ணிறத்தைப் பொருத்தினேன். அவள் எழும்பிக் கேற்றடிக்கு வந்தாள். பாடம் அறுந்துவிட்டது.

"சேர், இதுக்குள்ளாலதான் போகுதா?"

"ஓம் மகள்."

"ஆருக்கு?"

"நாலு இழை மட்டும். ரெண்டு ஆலைக்கி, ரெண்டு கோபுரத்துக்கு."

"மத்த எட்டும்?"

"சும்மா போகும்."

அவள் மேசையில் கிடந்த நிறங்களைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தன் அத்திவாரத்தைப் பார்த்தாள். "இவடத்த இரிந்து என்ட ஊட்டுக்கு இருவது அடிதான் வரும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் படிவத்தைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கதைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

சும்மா போகும் அந்த எட்டு இழையையும் நான் பொருத்தினேன். எட்டும் பூச்சியம் காட்டின. மூடியைப் போட்டு இறுக்கிக் கம்பத்தில் ஏற்றினேன். பச்சைப் பேனை மறுநாள் வரைபடத்தில் அந்தக் கிராமத்தைப் பச்சையாக்கினார். சுற்றறிக்கைப்படி, கேபிள் ஊருக்குள்ளால் போனால் ஊர் இணைந்தது. ஒரு வீட்டிலாவது ரவுட்டர் விளக்கு எரிகிறதா என்று கேட்கச் சுற்றறிக்கையில் இடமில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். ஒரு தாய் அங்கேயிருந்து மிகவும் மரியாதையாகக் குரல்பதிவு அனுப்பியிருந்தாளாம். ஆலிமா, உங்கள் ஓதல் எங்களுக்கு விருப்பம், ஆனால் குரல் வெட்டி வெட்டி வருகிறது, பிள்ளை பிழையாக ஓதப் பழகிவிடும் என்று. பதினொன்று நான்காயிற்று. அத்திவாரத்தில் புல் ஏறியது. இதை அவளுடைய காக்காதான், சவளக்கடைச் சந்தியில் கண்டபோது சொன்னார். சொல்லிவிட்டு, "நாங்க என்ன செய்யிற சேர், எங்களுக்கு வரல்ல" என்று கையை விரித்தார். அவருக்கு இரண்டு வீட்டுக்குக் கையெழுத்து வைத்த ஞாபகமே இல்லை.

அன்று மத்தியானம் சோற்றுக்கு இருந்தபோது இதையெல்லாம் என் மனைவி நயீமாவிடம் கொட்டினேன். பச்சைப் பேனையை ஏசினேன், கொழும்பை ஏசினேன், ஆலைக்காரனை ஏசினேன். அவள் கேட்டுக்கொண்டே கறி போட்டாள்.

"இஞ்ச பாருங்க. நம்மட ஊட்டு லைன் ஆர்ர பேரில?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"என்ட பேரில. நீங்கதான் படிவத்தக் கொண்டுவந்து, இவடத்த கையெழுத்து வை எண்டு விரலக் காட்டின. உறுதியில இரிக்கிற பேர்தான் வேணும், இல்லாட்டிக் கொழும்பில திருப்பிருவாங்க எண்டு எனக்குப் படிப்பிச்சதும் நீங்கதான்."

சோற்றில் கை வைத்தபடி இருந்தேன். எனக்குத் தெரியாமல் நடந்த பிழை என்று அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டில் தெரிந்திருந்தது. பள்ளிவாசல் முற்றத்தில் மட்டும் மறந்துபோயிற்று. ஒரு மணித்தியாலத்தில் வேலை முடிகிறதென்றால் மனிசனுக்கு எதுவும் மறக்கும்.

"அந்தப் புள்ளய இஞ்ச வரச்சொல்லுங்க" என்றாள் நயீமா. "ஊடும் என்ட, லைனும் என்ட. முன் ஹோல்ல இரிந்து ஓதிக் குடுக்கட்டும். நீங்க அந்த நேரம் வெளிய போங்க."

அன்றிலிருந்து றம்ஸியா வருகிறாள். தன் ஊரிலிருந்து கல்முனைக்கு ஒரு பஸ், கல்முனையிலிருந்து நிந்தவூருக்கு இன்னொரு பஸ். மழையென்றாலும் வருகிறாள். ஒவ்வொரு நாளும் நான் பொருத்திய கேபிளின் கீழால் நடந்து பஸ்ஸுக்கு வந்து, வேறொரு ஊரில் என் மனைவியின் வீட்டில் உட்கார்ந்து, அந்த நான்கு பிள்ளைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். சில நாள் நான் வெளியே போகாமல் பின்பக்கம் இருந்து கேட்பேன். பிள்ளை நீட்டுகிற நீட்டு அப்படியே வருகிறது. பிழை விட்டால் உடனே நிறுத்துகிறாள். இருபது அடியில் கிடைத்திருக்க வேண்டியதற்கு இரண்டு பஸ். பதாகையில் அவள் ஊர் பச்சை.

இனி, கேற்றடியில் அந்தத் தம்பி சொன்னது. கம்பனி பச்சையாக்கிய கிராமங்களில் பெட்டி பூட்டுவதற்கு இப்போது திரும்பப் படிவம் சேர்க்கிறதாம். முதலில் பதாகை, பிறகு பெட்டி. படிவக் கட்டு அவனுடைய பையில் இருந்தது. சந்தோசமாகச் சொன்னான்.

"வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனா ஒரே நாளையில முடிச்சிரலாம் காக்கா. நீங்க அண்டைக்கி நாப்பத்தொண்டு எடுத்தயளாமே, கந்தோர்ல இன்னும் உங்கட ஐடியா எண்டுதான் சொல்றாங்க."

என் ஐடியா. இத்தனை வருடம் கசியாமல் பொருத்தியது ஒருவனுக்கும் ஞாபகம் இல்லை. இது மட்டும் நின்றிருக்கிறது. இந்தக் கரையில் எத்தனை கிராமத்தில் என்னைப் பார்த்து இதைச் செய்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தம்பிமாரே, வெள்ளிக்கிழமை போகாதீர்கள். வேறு நாளில், காலை வேளையில், வீடு வீடாகப் போங்கள். கதவைத் திறக்கிற பெண்ணிடம் பில்லைக் கேளுங்கள், அவளிடமே படிவத்தைக் கொடுங்கள். இரண்டு கிழமை எடுக்கும். எடுக்கட்டும்.

அவனிடம் அன்று ஒரு படிவத்தைக் கேட்டு வாங்கி வைத்தேன். பதாகையைப் பார்த்துவிட்டு வந்த அடுத்த நாள், றம்ஸியா பாடம் முடித்து ஸலாம் சொல்லிக் கைபேசியை வைக்கும்வரை பொறுத்திருந்தேன். பிறகு முன் ஹோலுக்கு வந்து படிவத்தை மேசையில் வைத்தேன். நயீமா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். என் பேனையை நீட்டினேன். றம்ஸியா அதை வாங்கவில்லை. தன் கோவையைத் திறந்து ஒரு பேனையை எடுத்தாள். பெயர், ஊர், பில் இலக்கம் எல்லாம் எழுதினாள். கடைசிக் கோட்டில் கையெழுத்தை வைத்து, மை காயும்வரை ஒரு கணம் பார்த்தாள்.

"இனி வேற ஆரும் வெக்கத் தேவல்லியா சேர்?"

"இல்ல மகள். நீங்கதான்."

அவள் பேனையை மூடினாள்.

"அண்டைக்கும் நான்தானே சேர் வந்தன்."